கட்சி பிரிந்து கேட்கும் காதுகள்: காலநிலை அபாயத்தை எடுத்துச் சொல்வதில் உள்ள சிக்கல்

1988 ஜூன் 23 அன்று நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் அமெரிக்க செனட் குழு ஒன்றின் முன் சாட்சியமளித்தபோது, புவி சூடாகி வருவது இயற்கையான ஏற்ற இறக்கத்தால் அன்று என்பதை 99 விழுக்காடு உறுதியோடு சொல்ல முடியும் என்றார். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற மூத்த ஜார்ஜ் புஷ், பசுங்குடில் விளைவின் முன் நாம் கையாலாகாதவர்கள் என்று எண்ணுவோர் 'வெள்ளை மாளிகை விளைவை', அதாவது அதிபரின் ஆற்றலை, மறந்துவிடுகிறார்கள் என்று பிரசாரத்தில் பேசினார். செப்டம்பரில், வேதியியல் படித்தவரும் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் பிரதமருமான மார்கரெட் தாட்சர், ராயல் சொசைட்டியில் ஆற்றிய உரையில் இதே ஆபத்தைக் குறிப்பிட்டார். இன்று பெயர்களை மறைத்துவிட்டு அந்த இரு தலைவர்களின் பேச்சுகளையும் படித்துக் காட்டினால், பேசியவர் எந்தக் கட்சி என்று பலரும் தவறாகவே ஊகிப்பார்கள்.

அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் இயற்பியல் மாறிவிடவில்லை. சில வளிமங்கள் வெப்பத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கின்றன என்பதை ஜான் டிண்டல் 1859ஆம் ஆண்டே ஆய்வகத்தில் அளந்து காட்டிவிட்டார். மாறியது கேட்பவர்களின் அணிவகுப்பு. பியூ ஆய்வு மையம் 2022இல் அமெரிக்கர்களிடம் எடுத்த கணிப்பில், காலநிலை மாற்றம் நாட்டுக்குப் பெரிய அச்சுறுத்தல் என்று ஜனநாயகக் கட்சி சார்ந்தவர்களில் 78 விழுக்காட்டினர் சொன்னார்கள். குடியரசுக் கட்சி சார்ந்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 23 விழுக்காட்டினர். ஒரே நாட்டில், ஒரே காற்றைச் சுவாசிப்பவர்களிடையே இத்தனை இடைவெளி எப்படி வந்தது, இந்த இடைவெளியின் குறுக்கே நின்று ஓர் அபாயத்தை எடுத்துச் சொல்ல வேண்டியவருக்கு என்ன வழி என்பவையே இந்தக் கட்டுரையின் கேள்விகள். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. பிளவு அங்கே ஆழமாக இருப்பதும், அதைப் பற்றிய ஆய்வுகள் அங்கே அதிகம் நடந்திருப்பதுமே அதற்குக் காரணம்.

பிளவு ஒரே நாளில் விழுந்ததன்று. 1992இல் ரியோ மாநாட்டில் உருவான காலநிலை உடன்படிக்கைக்கு அமெரிக்க செனட் பெரிய சண்டையின்றி ஒப்புதல் அளித்தது. 1997இல், கியோட்டோ ஒப்பந்தம் முடிவாவதற்குச் சில மாதங்களுக்கு முன், வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு விதிக்காத, அல்லது அமெரிக்கப் பொருளாதாரத்துக்குப் பெருங்கேடு விளைவிக்கும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது என்ற தீர்மானம் அதே அவையில் 95க்கு 0 என்ற கணக்கில் நிறைவேறியது. இரண்டு கட்சிகளும் சேர்ந்தே வாக்களித்தன என்பதைக் கவனிக்க வேண்டும். அப்போதைய சச்சரவு செலவைப் பற்றியது, அறிவியலைப் பற்றியதன்று. செலவைப் பற்றிய வாதம் அறிவியலைப் பற்றிய வாதமாக உருமாறியதில் திட்டமிட்ட முயற்சிக்கும் பங்கு உண்டு. 1998இல் வெளியே கசிந்த, எண்ணெய்த் துறையின் கூட்டமைப்பான அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் வரைவுக் குறிப்பு ஒன்று, காலநிலை அறிவியலில் உள்ள நிச்சயமின்மைகளைச் சாதாரணக் குடிமக்கள் 'புரிந்துகொள்ளும்போது' வெற்றி கிட்டும் என்றது. சில ஆண்டுகள் கழித்து, குடியரசுக் கட்சியின் சொல்லாட்சி ஆலோசகர் ஃபிராங்க் லன்ட்ஸ், அறிவியல் உறுதியாகவில்லை என்பதையே விவாதத்தின் மையமாக வைத்திருங்கள் என்று தம் கட்சியினருக்கு எழுதினார். அவரே 2019இல் செனட் ஜனநாயகக் கட்சியினரின் குழு ஒன்றின் முன் வந்து, அன்று தாம் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குள் அந்தச் சொற்கள் தம் வேலையைச் செய்துமுடித்திருந்தன.

எல்லாப் பழியையும் எதிர்ப்பிரசாரத்தின் மேல் போட்டுவிடுவது வசதியானது, முழு உண்மையாகாது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்று தோற்ற அல் கோர்தான் 2006இலிருந்து இந்த எச்சரிக்கையின் உலகறிந்த முகம். செய்தியைக் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு, செய்தியைவிட அதைச் சொன்னவரின் கட்சி முதலில் கண்ணில் பட்டது. செய்தி ஊடகங்களின் பல ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்த எரிக் மெர்க்லி, டொமினிக் ஸ்டெகுவா ஆகியோர், குடியரசுக் கட்சி வாக்காளர்களின் ஐயத்தை வளர்த்ததில் ஐயவாதிகளின் குரலைக் காட்டிலும் ஜனநாயகக் கட்சித் தலைவர்களின் குரல் செய்திகளில் ஓங்கி ஒலித்ததற்கே கூடுதல் பங்கு இருந்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். எதிரணியின் தலைவர் ஒன்றைச் சொல்கிறார் என்பதே அதை மறுக்கப் போதுமான காரணமாகிவிட்டது.

இதை வெறும் அறியாமை என்று கருதியவர்கள், பாடம் சொல்லிக்கொடுத்தால் பிளவு தீரும் என்று நம்பினார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹானும் அவருடைய குழுவும் 2012இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. 1,540 அமெரிக்கர்களின் அறிவியல் அறிவையும் எண்கணிதத் திறனையும் அளந்து, காலநிலை அபாயத்தைப் பற்றிய அவர்களின் எண்ணத்தோடு ஒப்பிட்டார்கள். அறிவு கூடக் கூடக் கருத்துகள் நெருங்கியிருக்க வேண்டும், மாறாக, விலகின. சமத்துவப் பார்வை கொண்டவர்கள் அறிவு கூடியபோது கவலையில் கூடினார்கள். தனிமனித உரிமையையும் படிநிலை ஒழுங்கையும் மதிப்பவர்கள் அறிவு கூடியபோது கவலையில் குறைந்தார்கள். கெட்டிக்காரர்கள் தங்கள் கெட்டிக்காரத்தனத்தைத் தங்கள் தரப்புக்கு வக்கீலாக அமர்த்திக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு வகையான நியாயம் இருக்கிறது என்பதுதான் சங்கடம். தனிமனிதர் ஒருவர் காலநிலையைப் பற்றி என்ன நம்பினாலும் அதனால் புவியின் வெப்பநிலை கூடவோ குறையவோ போவதில்லை. ஆனால் அவர் நம்புவது, அவருடைய நண்பர்களும் உறவினர்களும் வழிபாட்டுக் கூட்டத்தாரும் நம்புவதற்கு எதிராக இருந்தால், அந்த வேறுபாட்டின் விலையை அவர் நாளைக்கே கொடுக்க வேண்டியிருக்கும். ஆக, 'மனிதச் செயல்களால் புவி சூடாகிறதா?' என்ற ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: உனக்கு என்ன தெரியும் என்பது ஒன்று, நீ யாருடைய ஆள் என்பது மற்றொன்று. பெரும்பாலோர் விடை சொல்வது இரண்டாவதற்கு. இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்து வைக்கும் முயற்சிகளே ஓரளவுக்குப் பலன் தந்திருக்கின்றன; பின்னிப் பிணைக்கும் முயற்சிகள், எத்தனை நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டாலும், பிளவை இறுக்கியிருக்கின்றன என்பது என் வாசிப்பு.

பிரித்து வைப்பதற்கான முதல் இடம் எண்களும் அவற்றைச் சொல்லும் சொற்களும். ஐபிசிசி என்று அறியப்படும், ஐ.நா. சார்ந்த காலநிலை அறிவியல் குழு, தன் அறிக்கைகளில் நிகழ்தகவுகளுக்கு வரையறுத்த சொற்களைப் பயன்படுத்துகிறது. 'மிகவும் சாத்தியம்' என்று அது எழுதினால் 90 விழுக்காட்டுக்கு மேல் என்று பொருள். டேவிட் புடெஸ்கு தலைமையிலான குழு 24 நாடுகளில் 17 மொழிகளில் இந்தச் சொற்களை மக்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, வாசித்தவர்கள் அவற்றை 50 விழுக்காட்டை நோக்கி இழுத்துப் புரிந்துகொண்டார்கள். உறுதியானதன் உறுதி குறைந்தது, அரிதானதன் அருமை குறைந்தது. சொல்லோடு எண்ணையும் சேர்த்து அச்சிட்டபோது புரிதல் எழுதியவரின் பொருளுக்கு நெருங்கியது. இத்தனை எளிய திருத்தத்தைக்கூடப் பெரும்பாலான செய்தி அறிக்கைகள் இன்னும் செய்வதில்லை. தமிழில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுகிறது: நிகழ்தகவைக் குறிக்க 'வாய்ப்பு' என்ற சொல்லை எடுக்கிறோம், பெருவெள்ளத்துக்கு 'வாய்ப்பு' இருக்கிறது என்று எழுதும்போது அது ஏதோ கிடைக்கவிருக்கும் நன்மை போல ஒலிக்கிறது. வெப்பத்தை மேலும் வெப்பமாக்கும் சுழற்சியை 'நேர்மறைப் பின்னூட்டம்' என்று மொழிபெயர்த்தால், வாசகர் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில் அவர் குற்றம் எதுவும் இல்லை.

உலக சராசரி என்பதும் அபாயத்தைச் சொல்ல ஏற்ற எண் அன்று. ஐபிசிசியின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் புவியின் மேற்பரப்பு, 1850–1900 காலத்தோடு ஒப்பிட, 1.1 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடாகியிருந்தது. காலைக்கும் நண்பகலுக்கும் இடையே பத்துப் பாகை வேறுபாட்டைச் சாதாரணமாகக் கடப்பவருக்கு 1.1 என்பது எதையும் உணர்த்தாது. அந்தச் சராசரிக்குள் கடல் 0.88 பாகையும் நிலம் 1.59 பாகையும் சூடாகியிருக்கின்றன என்று பிரித்தால், மனிதர்கள் வாழும் இடத்தின் கணக்கு கொஞ்சம் தெளிகிறது. இதைவிடத் தெளிவானது அதே அறிக்கையில் உள்ள வேறொரு கணக்கு: முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்ப நிகழ்வு, ஒரு பாகை சூடான உலகில் பத்தாண்டுக்குச் சராசரியாக 2.8 முறை வருகிறது, 1.5 பாகையில் 4.1 முறை, 2 பாகையில் 5.6 முறை, 4 பாகையில் 9.4 முறை, அதாவது ஏறக்குறைய ஆண்டுதோறும். 'எவ்வளவு சூடு' என்பதை 'எத்தனை தடவை' என்று மாற்றிய உடனே, அது மருத்துவமனைக்கும் மின்வாரியத்துக்கும் பயன்படும் தகவலாகிறது.

'நூறாண்டு வெள்ளம்' என்ற தொடரும் இதே வகையில் ஏமாற்றக்கூடியது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு விழுக்காடு என்பதுதான் அதன் பொருள். ஆனால் போன ஆண்டு வந்துவிட்டது, இனி நூறாண்டு கவலையில்லை என்று மக்கள் அதைப் புரிந்துகொள்கிறார்கள். முப்பதாண்டு வீட்டுக் கடன் ஒன்றைக் கட்டி முடிப்பதற்குள் அந்த வெள்ளத்தை ஒருமுறையேனும் சந்திக்கும் நிகழ்தகவு 26 விழுக்காடு, நான்கில் ஒன்றுக்குச் சற்றே மேல். இந்த வடிவில் சொல்லும்போது கேட்பவர் எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறார் என்ற பேச்சு எழுவதே இல்லை.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு 2018இல் நடந்தது. வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்த வேண்டுமானால், கரியமில வாயு உமிழ்வு 2010ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030க்குள் ஏறத்தாழ 45 விழுக்காடு குறைய வேண்டும் என்று ஐபிசிசி அந்த அக்டோபரில் அறிவித்தது. ஒரு குறிப்பிட்ட இலக்குக்கான நிபந்தனை அது. தலைப்புச் செய்திகளில் அது 'பன்னிரண்டே ஆண்டுகள்' என்று சுருங்கி, மேடைகளில் உலகம் முடியும் தேதியாக வளர்ந்தது. 1.5 பாகையில் ஒரு பாதாள விளிம்பு இல்லை. ஒவ்வொரு பத்தில் ஒரு பாகையும் சேதத்தைக் கூட்டுகிறது, தவிர்க்கப்பட்ட ஒவ்வொன்றும் குறைக்கிறது. கெடு குறித்துப் பேசினால் ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் கெடு நெருங்கும்போது கைவிட்டுவிடுவார்கள், எதிர்ப்பவர்கள் கெடு கடந்த மறுநாள் அதை மேற்கோள் காட்டுவார்கள். இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடும் என்று ஐபிசிசியின் 2007ஆம் ஆண்டு அறிக்கையில் நுழைந்துவிட்ட ஆதாரமற்ற வரி என்ன செய்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம். 2010 ஜனவரியில் அந்தப் பிழை ஒப்புக்கொள்ளப்பட்டது. பல நூறு பக்க அறிக்கையில் ஒரு பத்தி. ஆனால் பிளவுபட்ட சபையில் எதிர்த்தரப்பு வரவுசெலவுக் கணக்கு வைத்திருக்கிறது, மிகைப்படுத்திச் சொன்னதற்கான வட்டி குறைத்துச் சொன்னதற்கான வட்டியைவிடக் கடுமையானது.

நிச்சயமின்மையை மறைப்பதும் இதே தவறின் மற்றொரு வடிவம். கரியமில வாயு இருமடங்கானால் புவி எவ்வளவு சூடாகும் என்பதற்கு இன்றைய மதிப்பீடு 2.5 முதல் 4 பாகை வரை. இந்த அகலத்தை 'இன்னும் தெரியவில்லை' என்று ஒரு தரப்பு படிக்கிறது. அதனால் மறுதரப்பு அகலத்தையே சொல்லாமல் 3 என்ற ஒற்றை எண்ணைச் சொல்கிறது. அகலத்துக்கு இரண்டு முனைகள் உண்டு, மோசமான முனையும் அதில் அடக்கம். வீடு எரியும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு யாரும் தீக்காப்பீடு எடுப்பதில்லை, தெரியாதபோதுதான் எடுக்கிறார்கள்.

சொற்களும் எண்களும் சரியானாலும், தீர்வு பிடிக்காதவர் நோயையே மறுப்பார். டிராய் காம்பெல், ஆரன் கே ஆகியோர் 2014இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், வெப்ப உயர்வைப் பற்றிய அறிவியல் கூற்றை அரசுக் கட்டுப்பாடுகளோடு சேர்த்துக் கொடுத்தபோது குடியரசுக் கட்சியினரில் 22 விழுக்காட்டினர் ஏற்றார்கள்; அதே கூற்றைத் தடையற்ற சந்தை சார்ந்த தீர்வோடு சேர்த்தபோது 55 விழுக்காட்டினர் ஏற்றார்கள். தாராளவாதிகளுக்கும் இந்த நோய் உண்டு. அவர்களுக்குப் பிடிக்காத தீர்வோடு வேறொரு பிரச்சினையைக் கொடுத்தபோது அவர்களும் அப்படியே நடந்துகொண்டார்கள். இங்கே 'வரி' என்ற ஒரு சொல் ஏற்படுத்தும் சேதம் தனிக் கதை. கனடாவில் நுகர்வோர் மீதான கரிம வரியின் பெரும்பகுதி குடும்பங்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. ஆனால் பலருக்குப் பணம் வந்ததே தெரியவில்லை, தெரிந்தவர்களும் தொகையைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். கட்டிய வரி எரிபொருள் நிலையத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பி வந்த தொகை வங்கிக் கணக்கில் ஓசையின்றி விழுந்தது. 'வரியை வெட்டு' என்ற முழக்கம் வலுத்து, 2025 ஏப்ரலில் அந்த வரி பூஜ்யமாக்கப்பட்டது.

யார் சொல்கிறார் என்பதற்கு வருவோம். நம்பிக்கைக்குரியவரை முன்னிறுத்தினால் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போப் பிரான்சிஸ் 2015இல் சுற்றுச்சூழல் குறித்து வெளியிட்ட சுற்றுமடல் அந்த அறிவுரையின் எல்லையைக் காட்டியது. அதைப் பற்றிக் கேள்விப்பட்ட அமெரிக்கக் கத்தோலிக்கர்களில் பழமைவாதச் சார்புள்ளவர்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இந்த விஷயத்தில் போப்பின் மீதான மதிப்பைக் குறைத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது ஒன்றே போலத் தோன்றும் மதமும் கட்சியும் மோதும்போது எது வெல்லும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வென்ற முயற்சிகளும் உண்டு, அவை சத்தமில்லாதவை. தெற்கு கரோலினாவின் குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் பாப் இங்லிஸ், தம் மகனின் தூண்டுதலால் காலநிலைக் கருத்தை மாற்றிக்கொண்டவர், 2010இல் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்விலேயே தோற்கடிக்கப்பட்டார். அவரும், ஓய்வுபெற்ற விமானப்படைத் தளபதி ஒருவரும், கிறித்தவ நம்பிக்கையுள்ள காலநிலை விஞ்ஞானி காத்தரின் ஹேஹோவும் பேசிய காணொளி விளம்பரங்களை இரண்டு தொகுதிகளில் குடியரசுக் கட்சியினரிடம் ஒரு மாதம் போலக் காட்டியபோது, அவர்களின் புரிதல் அளவிடத்தக்க வகையில் உயர்ந்தது. அதே தெற்கு கரோலினாவின் தலைநகர் கொலம்பியாவில், உள்ளூர்த் தொலைக்காட்சியின் வானிலை அறிவிப்பாளர் ஜிம் காண்டி 2010இல் மாலைச் செய்தியில் காலநிலையைப் பற்றிய சிறு பகுதிகளைச் சேர்க்கத் தொடங்கினார். விஷப்படர்கொடி ஏன் வீரியமாகிறது, வெப்ப நாட்கள் எத்தனை கூடியிருக்கின்றன என்பது போன்ற உள்ளூர்ச் செய்திகள். நேயர்கள் அவரைப் பல ஆண்டுகளாகப் புயல் நேரத்தில் நம்பியவர்கள். வட கரோலினாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த காலநிலைப் பாடம், வீட்டில் பெற்றோரின் கவலையைக் கூட்டியது. பழமைவாதப் பெற்றோரிடமும் தந்தையரிடமும் அந்த மாற்றம் அதிகமாக இருந்தது, மகள்களே நன்றாக எடுத்துச் சொன்னார்கள். பெற்ற பிள்ளை கேட்கும்போது 'நீ யாருடைய ஆள்' என்ற கேள்விக்கு இடமே இல்லை.

மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை மக்கள் தவறாகவே அறிந்திருப்பதும் பிளவைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. 2022இல் வெளிவந்த ஆய்வின்படி, முக்கியமான காலநிலைக் கொள்கைகளை அமெரிக்கர்களில் 66 முதல் 80 விழுக்காடு வரை ஆதரிக்கிறார்கள். ஆனால் சராசரி அமெரிக்கரிடம் கேட்டால் 37 முதல் 43 விழுக்காடுதான் இருக்கும் என்கிறார். அடியோடு மறுப்பவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான், ஆனால் அவர்கள் குரல் பெரிது.

இந்த உத்திகளின் மீது பெரிய நம்பிக்கை வைப்பவர்களுக்கு 2024இல் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. 63 நாடுகளில் 59,440 பேரிடம் பதினொரு வகைச் செய்திமுறைகளைச் சோதித்த ஆய்வில், காலநிலை மாற்றம் உண்மை என்ற நம்பிக்கையை அதிகம் உயர்த்திய முறையே 2.3 விழுக்காடுதான் உயர்த்தியது. அச்சமூட்டும் செய்தி, தகவலைப் பகிரும் ஆர்வத்தை 12.1 விழுக்காடு கூட்டியது. உண்மையில் நேரம் செலவிட்டு மரம் நடுவதற்கான பணியைச் செய்யச் சொன்னபோது எந்த முறையும் உதவவில்லை, சில முறைகள் உழைப்பைக் குறைக்கவும் செய்தன. சமூக ஊடகங்களில் பேரழிவுச் செய்தி ஏன் ஓயாமல் சுற்றுகிறது, ஏன் அதற்குமேல் எதுவும் நடப்பதில்லை என்பதற்கு இந்த இரண்டு முடிவுகளும் போதும். தலைவர்களின் கட்சிக் கணக்கு மாறாதவரை சொல்முறைத் திருத்தம் ஓரங்களில்தான் வேலை செய்யும்.

ஓரங்களில் என்ன நடக்க முடியும் என்பதற்குத் தென்கிழக்கு புளோரிடா ஒரு சான்று. அங்குள்ள நான்கு மாவட்ட நிர்வாகங்கள், இரு கட்சிகளும் ஆளும் பகுதிகள், 2009இல் ஒரு காலநிலை உடன்பாட்டுக்கு வந்தன. யாரால் சூடாகிறது என்ற விவாதத்தில் தொடங்காமல், ஓதம் ஏறும் நாட்களில் தெருவில் நிற்கும் உப்புநீரை என்ன செய்வது என்பதில் தொடங்கினார்கள். மாநில அளவிலோ நிலைமை விசித்திரமானது: கடல்மட்ட உயர்வைச் சமாளிக்கும் பணிகளுக்கு நிதி ஒதுக்கும் திட்டத்துக்கு 2021இல் கையெழுத்திட்ட அதே ஆளுநர் ரான் டிசான்டிஸ்தான், மாநிலச் சட்டங்களிலிருந்து 'காலநிலை மாற்றம்' என்ற தொடரைப் பெரும்பாலும் நீக்கும் சட்டத்தில் 2024இல் கையெழுத்திட்டார். பெயரைச் சொல்லாமலே சாலையை உயர்த்தவும் நீரேற்றிகளைப் பொருத்தவும் முடிகிறது. ஆனால் எவ்வளவு உயர்த்துவது என்று கணக்கிட அமரும் பொறியாளர் முன் அந்த நான்கு மாவட்டங்களும் 2019இல் பொதுவாக ஏற்ற கணிப்பு இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் கடல்மட்டத்தைக் காட்டிலும் 2040க்குள் 10 முதல் 17 அங்குலம், 2070க்குள் 21 முதல் 54 அங்குலம். இரண்டாவது வரியின் அந்த முப்பத்து மூன்று அங்குல அகலத்துக்கு இரண்டு காரணங்கள்: பனிப்படலங்கள் எத்தனை வேகமாகச் சரியும் என்பது ஒன்று, மனிதர்கள் இன்னும் எவ்வளவு கரியமில வாயுவை வெளியே விடுவார்கள் என்பது மற்றொன்று.